ஞாயிற்றுக்கிழமைப் பந்துகள்

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு என்னிடம் போனில் கட்டுரை கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. மகளுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. "ஆறு சீசன் வேலை பாத்துட்டு, சாவியக் குடுத்துட்டு வந்தாச்சு. அதுக்குப் பேரு என்னக்கா?" என்று கேட்டாள் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண். நான் படித்த பிசியோதெரபி கல்லூரியிலேயே மூன்று வருடம் பின்னால் படித்தவள். கோடை லீக்கில் ஆடும் ஒரு திருநெல்வேலி கிரிக்கெட் அணியில் நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். கல்லூரி ஆண்டு மலரைத் தொகுப்பதும் அவள்தான்.

இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த சீசனிலிருந்து பந்துவீச்சாளர்களுக்கு ஒரு சட்டை வந்திருக்கிறது. உடம்போடு ஒட்டி இறுக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். முதுகில், தோள்களுக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. எத்தனை பந்து போட்டான், எவ்வளவு வேகமாக ஓடினான், முன்கால் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் விழுந்தது, எல்லாவற்றையும் அதுவே எண்ணிவிடும். இதுவரை பந்துவீச்சாளர்கள் கையால் எழுதிவந்த நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். கூடவே, "சுடலைமணி நம்ம டீமுக்கு வரணும்னு கேக்கான்க்கா. எடுக்கலாமா?" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் இடுப்பிலிருந்த பாப்பாவை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலரை வருடம் எலும்பு, தசை, நரம்பு. அதன் பிறகு இரண்டு வருடம் ஒரு மருத்துவமனையில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் முட்டி தேய்ந்தவர்களுக்கும் கையையும் காலையும் நீட்டி மடக்கினேன். அணியில் சேர்ந்த முதல் நாள், ஒரு மட்டையாளர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிசியோ என்று ஓர் ஆண் வருவார் என்று நினைத்திருக்கிறார். ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது. எனக்குப் பழக வெகுநாள் ஆனது வேறொன்று. மருத்துவமனையில் நோயாளி "வலிக்கிறது" என்பார், நான் "இல்லை, நடக்கலாம்" என்பேன். அணியில் ஆட்டக்காரன் "வலி இல்லை" என்பான், "இருக்கிறது, உட்கார்" என்று நான் சொல்ல வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் அருணாசலம் சார். ரயில்வேக்கு ஆடி, அங்கேயே ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதுகூட வலையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார், நாம் கூடவே நடக்க வேண்டும். நான் பிசியோ என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான். "ஆளக் குனிய வச்சு முதுகுல வெரல வைக்கவுக எல்லாரும் எனக்கு டாக்டர்தான்" என்பார். எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் அதை மேலிருந்து மடித்துக்கொண்டே வருவார். கடைசி வரி மட்டும் தெரிகிற அளவுக்கு மடித்துவிட்டு, அதைப் படிப்பார். "மேல எழுதுறதெல்லாம் உங்களுக்கு, டாக்டரம்மா. கடைசி வரி எனக்கு." முதல் வருடம் அது என்னை வருத்தியது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியதை இப்படி மடிக்கிறாரே என்று. பிறகு புரிந்தது. கடைசி வரியை எழுத முடியாதவர்கள்தான் மேலே அதிகம் எழுதுவோம். நான் எப்போதும் அதிகம் எழுதுகிறவள்.

காயம் பட்டுத் திரும்பும் பந்துவீச்சாளரைச் சோதிப்பதற்கு எனக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் மேசையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்திக்கொண்டே இடுப்பு வரை போவேன். அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், கால் கட்டைவிரலைப் பார்ப்பேன். முகம் பொய் சொல்லும், கட்டைவிரல் சுருங்கிவிடும். பிறகு ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொல்வேன். வலது கையால் போடுகிறவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்து எலும்பில்தான் கீறல் விழும், அதனால் இடது காலில் இரண்டு முறை. பிறகு பத்து நொண்டி. கடைசியாக, பன்னிரண்டு பந்து. அதை நான் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். நடுவர் நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயமில்லாதவனுடைய முன்கால் 'தொப்'பென்று விழும். உடம்பில் எங்கோ ஒரு மூலையில் வலியை எதிர்பார்ப்பவன், தனக்கே தெரியாமல், காலைப் பார்த்து வைப்பான்.

இதற்கெல்லாம் முன்னால் நோட்டு. எந்த நாள் எத்தனை பந்து, எந்த வேகம், மறுநாள் காலை எழுந்தபோது எப்படி இருந்தது என்று மூன்று மாதம் எழுத வேண்டும். தினமும் எழுதிய நோட்டில் பேனா மாறும், தேநீர் சிந்தியிருக்கும், எழுத்து ஒருநாள் சோம்பலாக இருக்கும். ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் முந்தின நாள் உட்கார்ந்து எழுதியது. அந்த வித்தையில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

சுடலைமணி எங்கள் அணியில் இடம் கேட்டு வந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். நான் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. தேயிலை எஸ்டேட்டை மூடியதும் மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம். அப்பா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் காவல் வேலை பார்த்தார். எஸ்டேட்டில் அவர்கள் ஆடிய மைதானம் சின்னது, ஒரு பக்கம் சரிவு. சரிவில் ஓடி வந்து போட்டுப் பழகியவன், சமதரையிலும் இறக்கத்தில் இறங்குகிறவன் மாதிரியே உடம்பைச் சாய்த்து ஓடி வந்து, முன்காலை ஊன்றி மொத்த உடம்பையும் அதில் நிறுத்துவான். பந்து அவ்வளவு வேகமாகப் போவதும் அதனால்தான், முதுகெலும்பில் கீறல் விழுந்ததும் அதனால்தான். எட்டு மாதமாக அவன் லீக் பக்கமே வரவில்லை. அணியில் எடுத்தால், அணியை நடத்துகிறவர்களின் அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலையும் உண்டு. அதை அவன் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அருணாசலம் சார்தான் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கீறல் ஆறி எலும்பு ஒன்றுகூடியிருந்தது. நோட்டு மாதிரி நோட்டு. நீலம், கறுப்பு, ஒரு வாரம் முழுக்கப் பச்சை. வாரம் மூன்று நாள், பன்னிரண்டு பந்தில் தொடங்கி இருபத்துநான்கு வரை பைய ஏறி வந்திருந்தது. கட்டைவிரல் சுருங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவன் போட்ட பன்னிரண்டு பந்தும் தொப், தொப் என்று விழுந்தன. ஆட்டக்காரர் பட்டியல் திங்கள் மாலைக்குள் அணிக் கமிட்டிக்குப் போக வேண்டும். கடைசி வரியை மனதுக்குள் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டுக் கோயில் கொடை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஊர். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் மேளம், வில்லுப்பாட்டு, கிடாய், இப்போது கிரிக்கெட் போட்டியும். அறுப்பு முடிந்த வயலில் உருளை ஓட்டி, டென்னிஸ் பந்தில் ஆளுக்கு நான்கு ஓவர் என்று சுற்றுவட்டார அணிகளெல்லாம் வந்து ஆடும். பாப்பா மேளச் சத்தத்துக்கு அழுததால் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் வந்தேன். ஒலிபெருக்கியில் ஒருவர் விளாசிக்கொண்டிருந்தார்.

"ஏலே, அது பேட்டாலே, அகப்பையா? சாம்பாரக் கிண்டுத மாதிரில்லா கிண்டுதான்! மைனி, பிள்ளையோட இங்கன நிக்காதிய, பந்து வரும். அடுத்த ஓவர், நம்ம எஸ்டேட் அணி, மலையிலருந்து எறங்குன சிறுத்த, சுடலைமணீய்!"

அவன் ஓடி வந்த விதத்தில் சந்தேகமே இல்லை. உடம்பைச் சாய்த்து, இறக்கத்தில் இறங்குவது போல.

நான் எண்ண ஆரம்பித்ததை நானே கவனிக்கவில்லை. பாப்பாவின் வலது காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விரல். ஐந்து விரல், ஆறாவது பந்துக்குக் கொலுசு. எஸ்டேட் அணி ஜெயித்தது, மறுபடி ஆடியது, மறுபடி ஜெயித்தது. இரண்டாவது ஆட்டத்தில் பாப்பாவுக்குப் பசி வந்துவிட்டது. பால் கொடுத்துவிட்டு வருவதற்குள் ஒரு ஓவர் போய்விட்டது. மூன்று ஆட்டம் முடிந்தபோது என் கணக்கில் அறுபத்தாறு, பார்க்காத ஆறு. ஒரே நாளில் எழுபத்திரண்டு பந்து. நோட்டில் அவனுடைய உச்சம் இருபத்துநான்கு.

ரோஸ்மில்க் வண்டியின் அருகே என்னைப் பார்த்துவிட்டான். கழுத்தில் மாலை.

"அக்கா... சாமி கும்பிட வந்தியளா?"

"எத்தன ஞாயிறா இது நடக்கு?"

மாலையில் ஒரு பூவைக் கிள்ளினான். "சித்திரக் கொடையிலருந்து. நாலு வாரம்."

"நோட்டுல ஏன் எழுதல?"

"நெட்ஸ்ல போடுததத்தானக்கா எழுதச் சொன்னிய? நான் பொய் எழுதலயே."

அவன் முகத்தையே பார்த்தேன். அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அந்த நோட்டில் பொய் இல்லை. ஞாயிறு என்ற வரியே இல்லை, அவ்வளவுதான். மூன்று மாதமாக ஒவ்வொரு வாரமும் பேனா மாறியிருக்கிறதா, எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தவள், ஏழாவது நாள் எங்கே என்று கேட்கவில்லை. வலைப்பயிற்சிக்கு ஞாயிறு விடுமுறை. அதனால் உடம்புக்கும் விடுமுறை என்று நானே வைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கொடை மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பையன் வீட்டில் இருப்பான் என்று எனக்குத் தெரியாதா?

"சிகிச்சையில இருக்கும்போது வெளியாட்டம் ஆடக் கூடாதுன்னு விதி இருக்குல்லா?"

"இது வெளியாட்டமாக்கா? சாமிக்கு நடத்துறதுல்லா. டென்னிஸ் பந்து வேற. வெயிட்டே கெடையாது."

"பந்துக்கு வெயிட் இல்ல. ஒனக்கு இருக்குல்ல? முன்கால்ல வந்து விழுறது பந்தா, நீயா?"

மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எஸ்டேட்காரங்க இப்ப ஆளுக்கொரு ஊருல கெடக்கோம். இப்படி கிரவுண்டுலதான் ஒருத்தர ஒருத்தர் பாக்கோம். போடாம ஓரமா நின்னேன்னா, லீக்குக்குப் போறவன் இனிமே நம்ம கூட ஆடுவானாலேம்பானுவ." அப்புறம், "வேண்டாம்னு எழுதுததுன்னா எழுதிக்கோங்க. ஞாயித்துக்கெழமைய மட்டும் எழுதாதியக்கா. சொன்ன பேச்சு கேக்காதவன்னு பேரு வந்துட்டுன்னா ஒரு டீமும் எடுக்காது."

திங்கள் காலை மறுபடி சோதித்தேன். முதுகில் வலி இல்லை. வளைந்தான், நொண்டினான். பன்னிரண்டு பந்தில் முதல் எட்டும் தொப்பென்று விழுந்தன. கடைசி நான்கில் சத்தம் சற்றுக் குறைந்தது போல இருந்தது. குறைந்ததா, குறையும் என்று நான் எதிர்பார்த்ததால் அப்படிக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு பக்கம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையையும் எழுதினேன். அது இல்லாமல் என் முடிவுக்குக் காரணமே இல்லை. எப்படியும் அருணாசலம் சார் மடித்துவிடுவார் என்ற தைரியமும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரி: "இந்த சீசனுக்கு எடுக்க வேண்டாம்."

வலையைச் சுற்றி நடந்துகொண்டே வழக்கம்போல மடித்தார். கடைசி வரியைப் படித்தார். நின்றார். ஆறு வருடத்தில் முதல் முறையாக, மடித்ததைப் பிரித்து, மேலிருந்து படித்தார்.

"நாலு வாரமா இப்படிப் போட்டுட்டு இன்னைக்கும் வலி இல்லாம நிக்கான்னா, அவன எடுக்கணும்னுல்லா அர்த்தம் வருது, டாக்டரம்மா?"

நானும் காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "கீறல் ஆறிக் கூடுன எலும்பு பழகாத பாரத்த உடனே காட்டாது சார். சில வாரம் கழிச்சுத்தான் காட்டும். எனக்கு ஆறு வாரம் குடுத்தா ஞாயித்துக்கிழமையையும் சேத்து எண்ணிட்டு சொல்லுவேன்."

"பட்டியல் இன்னைக்கு."

"தெரியும் சார். அதனாலதான் வேண்டாம்னு எழுதிருக்கேன்."

"ஒடையும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"ஒடையாதுன்னு?"

"அதுவும் முடியாது."

இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினார். பிறகு அந்த மடிப்பிலேயே கிழித்தார். கடைசி வரியும் என் கையெழுத்தும் உள்ள துண்டைக் கோப்பில் வைத்தார். மேல்பகுதியை நான்காய்க் கிழித்துத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கமிட்டிக்குக் கடைசி வரி போதும். பையன் பேரு கெட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். அவர் அந்தப் பையனை எவ்வளவு விரும்பினார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக எங்களுக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் இல்லை.

பத்து நாளில் பக்கத்து மாவட்ட அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. வேறொருவர் காயம் பட்டதால் காலியான இடம், அந்த சீசனுக்கு மட்டும். வேலை எதுவும் கிடையாது. முழு சீசனும் ஆடினான். எங்களுக்கு எதிராகவும் ஆடினான். நான் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நம் அணி எத்தனை ரன் என்றுகூடப் பார்க்காமல், அவனுடைய பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று விக்கெட் எடுத்தான். ஆட்டமிழந்து வந்த எங்கள் மட்டையாளர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அக்கா, அவனுக்கு முதுகு சரியில்லன்னு சொன்னிய. இப்ப எனக்குத்தான் முதுகு ஒடஞ்சி போச்சி. கொஞ்சம் என்னன்னு பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அருணாசலம் சார் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

சீசன் முடிந்ததும் ராஜினாமாக் கொடுத்தேன். குழந்தையைக் கவனிக்க என்று எழுதினேன். அது உண்மைதான், நோட்டில் சுடலைமணி எழுதியது உண்மையாக இருந்தது போல. எழுதாமல் விட்டது இது: மகள் பிறந்த பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் ஆபத்தாகத் தெரிந்தது. மேசையின் விளிம்பு, வாளித் தண்ணீர், ஒரு இளைஞனின் முதுகெலும்பு. நான் "வேண்டாம்" என்று எழுதியது படித்த படிப்பா, அந்தப் பயமா? அவன் உடையாமல் ஆடியது என் முடிவு தவறு என்பதற்குச் சாட்சி ஆகாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்க எனக்குத் தெரியும். அவன் இழந்த வேலையை நினைக்கும்போது அந்த வகுப்பு எனக்கு உதவுவதில்லை.

இப்போது நஸ்ரினின் கேள்விக்கு வருகிறேன். போன சீசன் கடைசியில் அவனுக்கு விலாத் தசை பிடித்துக்கொண்டதாம். அந்த அணி விட்டுவிட்டது. நான்கு மாதம் ஓய்வெடுத்து, பயிற்சி செய்து, எங்கள் அணிக்கே வந்து நிற்கிறான். இப்போது வேலைக்கும் இடம் இருக்கிறது.

"நோட்டு வச்சிருக்கானா?" என்று கேட்டேன்.

"அவனாவே கொண்டாந்தான்க்கா. நம்ம யாரும் கேக்கல." நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாள்.

பாப்பா கைபேசியைப் பிடுங்கப் பிடுங்க, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வாரத்துக்கும் ஏழு வரி. ஞாயிறு, 24, டென்னிஸ். ஞாயிறு, 12, டென்னிஸ், ஒரு ஆட்டம் மட்டும். நீலம், கறுப்பு, பென்சில். விலா பிடித்த பிறகு வந்த வாரங்களில் எல்லா நாளும் வெறுமை, கோடு மட்டும். கடைசிப் பக்கங்களில் பந்துகள் மறுபடி பைய ஏறின. அங்கே ஒரு வரி: "ஞாயிறு. 0. கொடை. வேடிக்கை பார்த்தேன்."

அந்தப் பூஜ்யத்தின் மேல் பேனா இரண்டு மூன்று முறை சுற்றியிருந்தது. தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?" என்று நஸ்ரினிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"'அக்காட்ட சொல்லிருங்க, எனக்கு இன்னும் கோவந்தான்'னான். சொல்லிட்டுச் சிரிச்சான்க்கா. ஆனா கோவந்தான்."

"சரி" என்றேன். "கட்டைவிரலப் பாத்தியா?"

"பாத்தாச்சு. சுருங்கல."

"முன்கால்?"

"பன்னெண்டும் ஒரே சத்தம்."

"எடுக்கலாம்னு எழுது. கையெழுத்து ஒன்னோடது, நல்லா யோசிச்சுக்கோ. ஆனா நானா இருந்தா எடுக்கலாம்னுதான் எழுதுவேன்."

போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து நானே மறுபடி கூப்பிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

"நஸ்ரின், அந்தச் சட்டைய ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் குடுத்து விடுவீங்களா?"

"இல்லக்கா. கிரவுண்ட விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் வாங்கித் துவைக்கப் போட்டுருவோம்."

"அப்போ நோட்டுகள எடைக்குப் போடாத" என்றேன். "அவனுக்குப் புது நோட்டு ஒண்ணு வாங்கிக் குடு. ஏழு கோடு போட்டதா."